அனிலாவின் வீட்டுப்பாடமும் அக்காவின் மழையும்

1

கனடாவில், எட்மண்டனில் என் மகள் அனிலா ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய பள்ளியில் பிள்ளைகள் தினமும் இருபது நிமிடம் கதைப் புத்தகம் வாசிக்க வேண்டும். வாசித்தார்கள் என்பதற்குச் சாட்சியாக ஒரு தாளில் பெற்றோர் தினமும் கையெழுத்துப் போட வேண்டும். நான் வெள்ளிக்கிழமை காலையில் ஒரு கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு ஐந்து நாளுக்கும் சேர்த்து ஐந்து கையெழுத்துப் போடுகிறேன். ஒரே பேனாவில் போட்டால் டீச்சருக்குச் சந்தேகம் வரும் என்று இரண்டு பேனா எடுத்துத் தருபவள் அனிலாதான். பிள்ளைக்கு வாசிப்புப் பழக்கம் வந்ததோ இல்லையோ, போர்ஜரிப் பழக்கம் அருமையாக வந்திருக்கிறது.

போன தடவை ஊருக்குப் போனபோது, கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் ஒரு டீச்சர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கனடா என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஏனுங்க, அங்கெல்லாம் கொழந்தைங்க கைடு பாக்காம சொந்தமா ரோசன பண்ணி எழுதுவாங்களாமா?" என்று கேட்டார். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். அவர் பெருமூச்சு விட்டதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உண்மையைச் சொல்லத் தொடங்கினால் மேட்டுப்பாளையம் தாண்டியும் முடியாது என்பதால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உண்மை இதுதான். இங்கே சொந்தமாக யோசிப்பதற்கு அச்சடித்த கட்டங்கள் தருகிறார்கள். போன மாதம் அனிலாவுக்கு வந்த வீட்டுப்பாடம், குடும்பத்தில் உழைப்பாளி ஒருவரைப் பேட்டி கண்டு கட்டுரை எழுதுவது. கூடவே ஒரு தாள். அதில் ஐந்து பெட்டி: கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, மூக்கால் முகர்ந்தது, கையால் தொட்டது, நாக்கால் ருசித்தது. அதற்குக் கீழே, 'இவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டது' என்று பாதி வாக்கியம். மீதிப் பாதியைப் பிள்ளை நிரப்ப வேண்டும். அதற்கும் கீழே, இது என் பிள்ளையின் சொந்த எழுத்து, நான் வாசித்துப் பார்த்தேன் என்று பெற்றோர் கையெழுத்து.

நான் ஒரு பல் ஆஸ்பத்திரியின் முன்மேசையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கப் படிவம் நிரப்புகிறவள். இந்த ஊரில் என் குடும்பப் பெயர் ஆரோக்கியசாமி. அது எங்கள் அப்பாவின் பெயர். விசா தாளில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னபோது ஒட்டிக்கொண்டது. டீ பேக்டரியில் டிரையர் அடுப்புக்கு விறகு தள்ளிய மனுஷனின் பெயரைச் சொல்லித்தான் இங்கே என்னை, 'மிசஸ்' போட்டு, மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். அனிலாவின் தாளைப் பார்த்ததும் ஆஸ்பத்திரியில் வந்து விழும் படிவத்துக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

2

எங்கள் காலத்தை மெச்சப் போகிறேன் என்று நினைத்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் கேவலம்தான்.

கோத்தகிரிக்குக் கீழே ஒரு எஸ்டேட்டின் நடுநிலைப்பள்ளியில் படித்தேன். ஆறிலிருந்து எட்டு வரைக்கும் ஒரே தமிழ் சார். அவர் கட்டுரைத் தலைப்பைப் போர்டில் எழுதுவார். பிறகு கைடைப் பிரித்து முழுக் கட்டுரையையும் எழுதுவார். நாங்கள் பார்த்து எழுதுவோம். பரீட்சையில் அதையே எழுதினால் பத்துக்கு எட்டு. ஒரு வரி சொந்தமாகச் சேர்த்தால், "உன்னை எவன் யோசிக்கச் சொன்னான்?" என்று சுண்ணாம்புக்கட்டி பறந்து வரும்.

'எங்கள் ஊர்' என்று ஒரு கட்டுரை. எங்கள் ஊரில் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல்கள் பச்சைப் பசேலென்று காட்சியளிக்கும் என்று முப்பத்திரண்டு பேரும் எழுதினோம். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. நெல் வயலை அந்த வகுப்பில் பாதிப் பேர் கண்ணால் கண்டதில்லை. ஆற்றங்கரைப் பனைமரங்களையும் விடாமல் எழுதினோம். ஐயாயிரம் அடி உயரத்தில் பனைமரம்! சார் திருத்தி, நன்று என்று போட்டுக் கொடுத்தார்.

பிற்பாடு குன்னூரில் விடுதியில் படித்தபோது தெப்பக்காட்டிலிருந்து வந்த ஒரு பெண் என்னோடு இருந்தாள். அவளுடைய அப்பா அங்கே யானை முகாமில் பாகன். அவள் நடை பழகியதே யானைக் காலுக்கு இடையில். 'நான் கண்ட மிருகக்காட்சி சாலை' என்ற கட்டுரையில் அவள் என்ன எழுதினாள் தெரியுமா? 'அங்கே முதன்முதலாக யானையைக் கண்டு வியப்பில் ஆழ்ந்தேன்.' ஏண்டி என்று கேட்டேன். "கைடுல அப்படித்தானே இருக்கு" என்றாள், நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டது போல.

இந்த வியாதி கடல் தாண்டியும் வந்திருக்கிறது. இங்கே ஞாயிற்றுக்கிழமை நடக்கும் தமிழ் வகுப்பில், எட்மண்டனில் பிறந்த பிள்ளைகளுக்கு 'எங்கள் கிராமம்' என்று கட்டுரை கொடுத்தார்கள். பனியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வரப்பில் நடந்ததாக எழுதிக்கொண்டு வந்தார்கள். எழுதியவர்கள் அப்பன்மார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் சென்னை அடுக்குமாடியில் வளர்ந்தவர்கள். நான் ஊட்டிப் பக்கம் என்றால், "ஓ, ஹனிமூனுக்கு வந்தோமே!" என்று சொல்கிற ஜாதி. அங்கே மனிதர்கள் வேலை செய்து பிழைக்கிறார்கள் என்று சொன்னால் நான் நல்ல பேச்சைக் கெடுக்கிறவள் ஆகிவிடுகிறேன்.

3

அனிலா பேட்டி எடுக்கத் தேர்ந்தெடுத்தது என் அக்கா ஜெசிந்தாவை. எங்கள் குடும்பத்தில் எழுதுவதற்கு ஏற்ற உழைப்பாளி அவள்தானாம். ஜெசி அக்கா இன்னும் அதே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். வரிசையாகக் கட்டிய அதே லைன் வீடு. இருபத்தேழு வருஷ சர்வீஸ். எஸ்டேட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். இங்கே சனிக்கிழமை சாயங்காலம் என்றால் அங்கே ஞாயிறு காலை. பூசைக்குக் கிளம்பும் முன் அக்கா தொட்டிக்கு வந்து நின்றாள். போனைச் சத்தமாக வைத்து நடுவில் நானும் உட்கார்ந்தேன். அனிலாவின் தமிழ் இரண்டு வாக்கியத்துக்கு மேல் தாங்காது.

"பெரியம்மா, எஸ்டேட்ல என்ன ஸ்மெல் வரும்?"

"மருந்தடிச்சா மருந்து நாத்தம் வரும் கண்ணு. இல்லாட்டி ஒண்ணும் தெரியாது."

"ஓகே. என்ன சவுண்ட் கேக்கும்?"

"சூப்பர்வைசரு கத்தறதுதான் கேக்கும். இப்பெல்லாம் காட்டுமாடு வந்து நின்னாலும் சத்தமே இல்லாம நிக்குது. போன வாரம் திரும்பிப் பாத்தா பத்தடியில நிக்குது. கொழுந்தக் கொட்டிட்டு ஓடி வந்தோம்."

"டேஸ்ட்?"

"நாங்க குடிக்கறது டஸ்ட் டீ. அதுல என்னத்த டேஸ்ட்டு."

அனிலா தாளில் இங்கிலீஷில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். மூக்குப் பெட்டியில் இளந்தேயிலையின் இனிய நறுமணம். காதுப் பெட்டியில் பறவைகளின் கீதம். மருந்து நாற்றத்தை ஏன் விட்டாய் என்று கேட்டேன். "மிஸ் பாசிட்டிவா எழுதச் சொன்னாங்க" என்றாள். எங்கள் தமிழ் சாரும் இவளுடைய மிஸ்ஸும் ஒரே நாற்காலியில் உட்காரலாம், இரண்டு பேருக்கும் இடம் தாராளமாக இருக்கும்.

கடைசியில் அனிலா, "பெரியம்மா, நீங்க ஏன் மேல படிக்கல?" என்று கேட்டாள். கட்டத்தில் இல்லாத கேள்வி. அவளாகவே கேட்டது. 

"எனக்கெங்க கண்ணு படிப்பு வரும்? நான் மக்கு. உங்கம்மாதான் கெட்டிக்காரி. மழையப் பத்தி ஒரு கட்டுரை எழுதுனா பாரு, குன்னூரு சிஸ்டருங்க அசந்து போயிட்டாங்க. அதுலதான் அவளுக்கு ஃப்ரீ சீட்டு கெடச்சுது. இல்லாட்டி அவளும் என்ற கூடக் கூடை தூக்கிட்டுத்தான் இருந்திருப்பா."

அனிலா என்னைப் பெருமையோடு பார்த்தாள். நான் தாளைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன். மணி அடித்துவிட்டது, பூசைக்கு நேரமாகிவிட்டது என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

4

அந்த மழைக் கட்டுரையை எழுதியது நான் அல்ல, ஜெசி அக்கா. இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. கட்டிக்கொண்டவரிடமும் சொன்னதில்லை.

அக்காவுக்கு மஞ்சள் காமாலையில் ஒரு வருஷம் போனதால் நாங்கள் இருவரும் எட்டாவது வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்தோம். அவளுக்கு எழுத்து வரும், எனக்கு வராது. வீட்டுக் கட்டுரைகளை எனக்கும் சேர்த்து அவளே எழுதுவாள். எனக்குக் கைடு மாதிரியே மூன்று பழமொழி, ஒரு திருக்குறள் வைத்து எழுதித் தருவாள். அதற்குத்தான் மார்க் வரும் என்று அவளுக்குத் தெரியும். யாருக்குமே சொந்த நடை கிடையாது என்பதால் சாருக்குச் சந்தேகமும் வராது. எங்கள் பள்ளிக்கூடத்தில் திருடுவது அவ்வளவு சுலபம்.

குன்னூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி ஒன்று, வருஷத்துக்கு ஒரு எஸ்டேட் பிள்ளைக்கு விடுதியில் இலவச இடம் கொடுக்கும். அதற்கு வீட்டிலிருந்தே கட்டுரை எழுதிக்கொண்டு வந்து சாரிடம் கொடுக்க வேண்டும். அந்த வருஷத் தலைப்பு மழை. ஐப்பசி மாதம். மூன்று வாரமாக வெயில் இல்லை. எனக்கு அக்கா, மழையே உயிர், உழவன் மகிழ்ந்தான், தவளை பாடியது என்று ஒன்று எழுதித் தந்தாள். தனக்கென்று வேறு எழுதி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலில் பாட்டுப் பழகப் போன நேரத்தில் அதை எடுத்துப் படித்தேன். எங்கள் ஊரில் மழை வந்தால் யாரும் மகிழ்வதில்லை என்று தொடங்கியிருந்தாள். பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு அம்மா தேயிலைக் காட்டுக்கு இறங்குவது, அடுப்படியில் உட்கார்ந்து காலில் அட்டையைப் பிடுங்குவது, துவைத்த துணி வாரக்கணக்கில் காயாமல் நாறுவது, அப்பா யூனிபாரத்தை பேக்டரிக்கு எடுத்துப்போய் டிரையர் அடுப்புக்குப் பின்னால் மேற்பார்க்கும் டீமேக்கர் கண்ணில் படாமல் காய வைப்பது, அதைப் போட்டுக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்தால் தீய்ந்த டீத்தூள் வாசம் வருவது. படித்து முடித்ததும் எனக்கு வந்தது பாராட்டு அல்ல. வயிற்றெரிச்சல். சீட்டு இவளுக்குத்தான் என்று தெரிந்துவிட்டது. இவள் போய்விட்டால் நான் ஒருத்தி கூடை தூக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. உட்கார்ந்து என் கையெழுத்தில் காப்பி அடித்தேன். பதின்மூன்று வயசுப் பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டாள் என்று யாரும் எனக்கு வக்காலத்து வாங்க வேண்டாம். நன்றாகத் தெரிந்துதான் செய்தேன்.

இது என் மகளின் சொந்த எழுத்து என்று உறுதிச் சீட்டு ஒன்று உண்டு. அப்பாவுக்கு அதிகம் படிக்கத் தெரியாது. ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இரண்டு சீட்டிலும் கையெழுத்துப் போட்டார். இரண்டு கட்டுரையையும் எழுதியது அவருடைய மகள்தான். அந்த வகையில் அந்த வீட்டில் அன்று பொய் சொல்லாதவர் அவர் ஒருவர்.

திங்கட்கிழமை பள்ளிக்கு இறங்கும் வழியில், "அக்கா, உன்னோடத நான் எழுதிக்கிட்டேன்" என்று சொன்னேன். அக்கா நின்றாள். குடை இல்லை, மழை பெய்துகொண்டிருந்தது. அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "செரி, அந்த இன்னொண்ணக் கொண்டா" என்று கை நீட்டினாள். கொடுத்தேன். உழவன் மகிழ்ந்தான், தவளை பாடியது என்பதைத் தன் பெயரில் சாரிடம் நீட்டினாள்.

ஜூன் மாதம் எனக்குக் குன்னூர். அவளுக்குத் தேயிலைக் காடு.

5

அடுத்த வெள்ளிக்கிழமை அனிலா கட்டுரையை முடித்துக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தாள். மிஸ் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்து, அற்புதம் என்று எழுதி ஒரு நட்சத்திரம் ஒட்டியிருந்தார். கட்டுரை இப்படி முடிந்தது: 'என் பெரியம்மாவுக்குப் படிப்பில் ஆர்வம் இருக்கவில்லை. ஆனால் என் அம்மா மழையிலும் விடாமுயற்சியோடு படித்து, தன் எழுத்துத் திறமையால் ஏழ்மையை வென்றார். என் பெரியம்மாவிடமிருந்து நான் கற்றுக்கொண்டது, கல்வியின் அருமை.'

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த டீச்சர் மேல், கட்டம் போட்ட தாள் மேல், நட்சத்திரத்தின் மேல். அரை நிமிஷத்தில் தெரிந்துவிட்டது, இந்தப் புத்திசாலிக் கோபத்தையெல்லாம் இருபத்தெட்டு வருஷமாக நான் எதற்கு வளர்த்து வைத்திருக்கிறேன் என்று. கைடைத் திட்டலாம், கனடாவைத் திட்டலாம், அப்பன்மார்களைத் திட்டலாம். அதுவரைக்கும் என் முறை வராது.

ஆனாலும் பேனாவை எடுத்தேன். முதல் எழுத்தைப் போட்டும் விட்டேன். அப்புறம் பேனா நகரவில்லை.

"இது பொய், அனிலா."

"பெரியம்மாதானே சொன்னாங்க?"

"பெரியம்மா சொன்னது பொய். அந்தக் கட்டுரை அவளுது. நான் எடுத்துக்கிட்டேன்."

அவள் புரியாமல் பார்த்தாள். முழுக்கச் சொன்னேன்.  முடித்த பிறகு, "அப்போ நீ சீட் பண்ணியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எனக்குச் சாதகமாகச் சொல்ல ஏதாவது தேடினாள் என்று நினைக்கிறேன். கிடைக்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவளே அக்காவைக் கூப்பிட்டாள். நான் பக்கத்தில் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் சமையல் மேடை ஓரமாக நின்றேன். அனிலா உடைந்த தமிழில், அம்மா எல்லாம் சொல்லிவிட்டாள் என்றாள். அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"ரெஜினா, அங்க இருக்கியாடி? உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது? பெத்த புள்ளகிட்டப் போயி இதையெல்லாம் சொல்லுவாங்களா? அவ உன்னைய மதிப்பாளா இனி?"



"பெரியம்மா, உங்களுக்குக் கோவம் இல்லயா?" அனிலா கேட்டாள்.

"சீட்டு போனதுக்கா? அதுக்கு ரெண்டு வருஷம் அழுதேன். அப்பறம் கல்யாணம், புள்ளைங்கன்னு ஆயிப்போச்சு." அக்காவின் குரல் மாறியது. "கோவம் வேற ஒண்ணுக்கு. சீட்டு வாங்குன கட்டுரைன்னு பள்ளிக்கூடத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தாங்க. போயிப் படிச்சுப் பாத்தேன். கடைசிப் பாராவே இல்ல. எடுத்ததுதான் எடுத்தா, முழுசா எடுத்திருக்கக் கூடாதா? நாலு நாளு ரோசன பண்ணி எழுதுன பாரா அது. வாலறுந்த பல்லி மாதிரி நிக்குது கட்டுரை. இன்னைக்கும் எனக்கு மனசு ஆறல."

"அதுல என்ன இருந்தது?"

"உங்கம்மாளயே கேளு. அவளுக்குத் தெரியும்."

அனிலா என் பக்கம் திரும்பினாள். எனக்குத் தெரியும்தான். அதைக் காப்பி அடிக்காமல் விட்டதற்குக் காரணம் உண்டு. அதை எழுதினால் எழுதியது நான் அல்ல என்று தெரிந்துவிடும். மனப்பாடத்தை இவ்வளவு நேரம் கேலி செய்தவள், இருபத்தெட்டு வருஷமாக மனப்பாடமாக வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அடுப்புக்குப் பின்னால் ஒரு யூனிபாரம் காய வைக்கத்தான் இடம் உண்டு. அதை அப்பா என் தங்கைக்குக் கொடுத்துவிடுவார், அவளுக்கு இளைப்பு வரும் என்பதால். நான் ஈரத்தையே போட்டுக்கொண்டு வருவேன். எனக்கு அது பழகிவிட்டது."

"கடைசி வரி தப்பு" என்றாள் அக்கா.

"இல்லக்கா. அதுதான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"நான் அப்படி எழுதலடி. பழகிருச்சுன்னு நீயா நெனச்சுக்கிட்டே. 'மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும் வரை எனக்கு நடுங்கிக்கொண்டே இருக்கும், அதை என் தங்கை பார்க்காதபடி கடைசி பெஞ்சில் உட்காருவேன்'னு எழுதியிருந்தேன்."

அனிலா பேனாவை எடுத்தாள். "பெரியம்மா, மறுபடியும் சொல்லுங்க. மெதுவா" என்றாள். அக்கா மெதுவாகச் சொன்னாள். அனிலா என்னைப் பார்க்காமல் எழுதிக்கொண்டாள்.